தேதி குறித்த மாற்றமும் தேதி குறிக்காத மாற்றமும்: ஓர் ஆலோசகர் எதைப் பின்தொடர வேண்டும்?

கேள்வி கேட்டவர் தனியாக ஆலோசனைத் தொழில் நடத்துபவர். தொழில்நுட்பம், வணிகப் போக்குகள், வேலையைத் திறம்படச் செய்வது ஆகிய மூன்றிலும் அவருக்கு ஆர்வம் இருக்கிறது. ஆனால் வந்து குவியும் செய்திமடல்களைப் படித்து முடிக்கவே நேரம் சரியாகிவிடுகிறது, படித்ததில் எதைக் கிளையன்டிடம் கொண்டுபோவது என்றும் பிடிபடவில்லை என்கிறார்.

இன்னும் கொஞ்சம் அதிகமாகப் படித்தால் இது தீர்ந்துவிடாது. கையில் இருக்கும் செய்திகளை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம், தேதி குறிக்கப்பட்ட மாற்றங்கள்: ஒரு மென்பொருளுக்கு ஆதரவு முடியும் நாள், ஒரு சட்டம் அமலுக்கு வரும் நாள், ஒரு தரநிலை மாறும் நாள். இன்னொரு பக்கம், தேதி எதுவும் இல்லாதவை: ஏஐ ஏஜென்ட் (பல படி வேலையைத் தானே செய்யும் மென்பொருள்) எல்லா வேலையையும் மாற்றப்போகிறது, இனி எல்லாம் தானியங்கி, இப்படிப்பட்டவை. முதல் வகையைப் பற்றி மாநாட்டு மேடைகளில் யாரும் உணர்ச்சிவசப்பட மாட்டார்கள். ஆனால் நிறுவனங்கள் தள்ளிப்போட முடியாமல் பணம் ஒதுக்குவது அதற்குத்தான். இரண்டாம் வகையில் சோதித்துப் பார்க்கும்வரை பேச்சு மட்டும்தான் இருக்கும். இரண்டையும் ஒரே மாதிரி படிப்பதால்தான் நேரம் போதாமல் போகிறது.

தேதி குறித்தவை

எடுத்துக்காட்டாக, பெரிய நிறுவனங்கள் கணக்கு, கொள்முதல், சரக்கு எல்லாவற்றையும் நடத்தும் எஸ்ஏபி-யின் பழைய ஈசிசி 6.0 மென்பொருள். இதற்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியில் முடிகிறது, கூடுதல் கட்டணம் செலுத்தினால் 2030 இறுதிவரை நீட்டிக்கலாம் என்பது பலருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. அந்த 2027 என்பது மேம்பாட்டுத் தொகுப்பு (என்ஹான்ஸ்மென்ட் பேக்கேஜ்) 6 முதல் 8 வரை உள்ளவர்களுக்கு. தொகுப்பு 5 அல்லது அதற்குக் கீழே நின்றுவிட்டவர்களுக்கு எல்லை 2025 இறுதிதான். ஆகவே கிளையன்டிடம் “எஸ்ஏபி மாற்றம் பற்றி யோசித்தீர்களா” என்று பொதுவாகக் கேட்பதைவிட, “நீங்கள் எந்தத் தொகுப்பில் இருக்கிறீர்கள்” என்று கேட்பது நூறு மடங்கு மேல். முதல் கேள்விக்குத் தலையாட்டல்தான் கிடைக்கும். இரண்டாவதற்கு ஐடி பிரிவிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது.

மைக்ரோசாஃப்ட் பக்கம், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் 2016-க்கான நீட்டித்த ஆதரவின் கடைசி நாள் 2026 ஜூலை 14. தரவுத்தளத்தை மாற்றும் வேலை, அதன்மேல் ஓடும் பழைய பயன்பாட்டின் விற்பனையாளர் “புதிய பதிப்பில் நாங்கள் சோதிக்கவில்லை” என்று சொல்லும்போதுதான் இழுக்கும். அந்த விற்பனையாளருக்கு முதலில் கடிதம் எழுதுங்கள், சர்வரை அப்புறம் தொடலாம்.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது யாரும் பேசாத ஒன்று: இணையதளங்களின் டிஎல்எஸ் சான்றிதழ், அதாவது தளம் உண்மையானதுதான் என்று பிரௌசருக்குக் காட்டும் கோப்பு. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் நெடுநாள் 398 நாளாக இருந்தது. சான்றிதழ் வழங்குவோரும் பிரௌசர் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி அது 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று இறங்குகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 சான்றிதழ் வைத்திருக்கும் நிறுவனம் ஆண்டுக்கு ஏறக்குறைய 60 முறை புதுப்பித்தது. 47 நாள் என்றால் ஒரு சான்றிதழுக்கே ஆண்டுக்குக் குறைந்தது 8 முறை, மொத்தத்தில் 480-ஐத் தொடும். கடைசி நாள்வரை காத்திருக்க முடியாது என்பதால் உண்மையில் இன்னும் கூடும். யாரோ ஒருவர் காலண்டரில் நினைவூட்டல் வைத்துக் கையால் செய்துவந்த வேலை, இனி ஆக்மி என்னும் நெறிமுறை வழியே தானாக நடந்தாக வேண்டும்.

இதில் எங்கே சிக்கும் என்பதும் முன்கூட்டியே தெரிந்ததுதான். வலை சர்வர்கள் எளிது. வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிடும் லோட் பேலன்சர், பழைய விபிஎன் பெட்டி, ஆக்மி தெரியாத அலுவலகச் சாதனங்கள், சான்றிதழின் கைரேகையைச் செயலிக்குள்ளேயே பதித்துவைத்த மொபைல் ஆப், இவைதான் நள்ளிரவில் நிற்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், எத்தனை சான்றிதழ் இருக்கிறது என்ற முழுப் பட்டியல் பெரும்பாலும் யாரிடமும் இருக்காது. பொதுச் சான்றிதழ்கள் எல்லாம் வெளிப்படைப் பதிவேடுகளில் ஏறுகின்றன, யாரும் தேடலாம். கிளையன்டின் டொமைன் பெயரைப் போட்டுத் தேடி, வந்த பட்டியலை அவர்களுடைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே முதல் சந்திப்பில் பேசப் போதுமான விஷயம். ஒரு எச்சரிக்கை: நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் சொந்தச் சான்றிதழ்களுக்கு இந்த விதி பொருந்தாது. இரண்டையும் கலந்து பயமுறுத்தினால் ஐடி ஆட்கள் உங்களை அன்றோடு மறந்துவிடுவார்கள்.

இப்படிப்பட்டவற்றுக்கு ஒரே ஒரு விரிதாள் போதும். ஆறு பத்தி: என்ன மாறுகிறது, எந்த நாள், யாரைப் பாதிக்கும், மாற்றி முடிக்க எத்தனை மாதம், மூலம் எது, கடைசியாகச் சரிபார்த்தது எப்போது. நான்காவது பத்திதான் உயிர். இரண்டாவதிலிருந்து நான்காவதைக் கழித்தால் தொடங்க வேண்டிய நாள் கிடைக்கும். எஸ்ஏபி போன்ற ஓர் ஈஆர்பி (நிறுவன நிர்வாக மென்பொருள்) மாற்றத்துக்கு 18 மாதம், அதற்கு முன் விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்க 6 மாதம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் சமயத்தில் எதையும் தொடக்கூடாது என்பதால் மேலும் 2 மாதம். ஆக, கடைசி நாளுக்கு 26 மாதம் முன்னால் பேச்சு தொடங்கவேண்டும். கிளையன்டைப் பார்க்கப் போவது அந்தத் தொடக்க நாளை வைத்து. முடிவு நாளை வைத்துப் போனால் ஏற்கெனவே வேறொருவர் உள்ளே இருப்பார். ஆறாவது பத்தியும் சும்மா இல்லை. தேதிகள் நகரும். ஐரோப்பிய ஏஐ சட்டம் 2024 ஆகஸ்ட் 1-இல் நடைமுறைக்கு வந்தது, தடைசெய்யப்பட்ட பயன்பாடுகள் பற்றிய பகுதி 2025 பிப்ரவரி 2 முதல் பொருந்துகிறது, மற்றவை படிப்படியாக வருகின்றன. இத்தகைய அட்டவணைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூலத்திலேயே போய்ப் பார்த்துத் திருத்துங்கள்.

தேதி குறிக்காதவை

இங்கே முதலில் ஒரு பழைய வரலாறு உதவும். எடிசனின் பேர்ல் ஸ்ட்ரீட் மின்நிலையம் 1882-இல் இயங்கத் தொடங்கியது. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் மின்மோட்டாரால் உற்பத்தித்திறன் பளிச்சென்று உயர்ந்தது 1920-களில். இடையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். காரணத்தை 1990-இல் பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் விளக்கினார். முதலில் ஆலைகள் செய்தது, நடுவில் இருந்த நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தது. இயந்திரங்களுக்கு விசையைக் கொண்டுபோக கூரையில் ஓடும் தண்டும் பட்டையும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் என்று வந்து, பட்டை எங்கே எட்டுமோ அங்கே இயந்திரம் என்ற கட்டு அறுந்து, வேலை ஓடும் வரிசையில் இயந்திரங்களை அடுக்கிய பிறகுதான் பலன் கிடைத்தது. இன்று ஒரு நிறுவனத்தின் ஏஐ திட்டத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதிலேயே இருக்கிறது: பழைய எஞ்சினை மட்டும் மாற்றுகிறார்களா, ஆலையின் அடுக்கையும் மாற்றுகிறார்களா? மூன்று பேர் ஒப்புதல் கொடுக்க வேண்டிய கோப்பை ஏஐ 2 நிமிடத்தில் எழுதிக் கொடுத்தாலும், மூன்றாவது ஒப்புதலுக்கு 9 நாள் காத்திருந்தால் கிளையன்டுக்குக் கிடைத்தது 2 நிமிடக் கோப்பு. 9 நாள் அப்படியேதான் இருக்கிறது.

கார்ட்னர் ஆய்வு நிறுவனம் 1995-இலிருந்து வரையும், புதிய தொழில்நுட்பத்தின் மேலான எதிர்பார்ப்பு ஏறி இறங்குவதைக் காட்டும் ஹைப் சைக்கிள் வரைபடத்தைப் பலர் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். பேசுவதற்கு நல்ல சொற்கள் தருகிறது, அவ்வளவுதான். செங்குத்து அச்சில் இருக்கும் எதிர்பார்ப்புக்கு அலகு கிடையாது. புதுமையை முதலில் ஏற்பவர்களிலிருந்து கடைசியில் ஏற்பவர்கள்வரை மக்களைப் பிரித்து, சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் 1962-இல் தந்த 2.5%, 13.5%, 34%, 34%, 16% என்ற பிரிவும் அப்படியே. அது மணிவடிவ வளைகோட்டைத் திட்டவிலக்கப்படி வெட்டியதால் வந்த எண்கள். உங்கள் கிளையன்டின் சந்தையில் யாரும் அளந்து சொன்னவை அல்ல. “நாம் இப்போது 13.5 சதவீதத்தில் இருக்கிறோம்” என்று ஸ்லைடு போடுபவரிடம் எப்படித் தெரியும் என்று கேட்டால் அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

சோதிப்பதுதான் வழி. எடுத்துக்காட்டாக, ஏஐ மாடலை வைத்து இன்வாய்ஸ் படிக்கும் திட்டம். விற்பனையாளர் 10 இன்வாய்ஸ் காட்டி, பத்தும் சரி என்பார். n முறை சோதித்ததில் ஒரு தவறுகூட வரவில்லை என்றால், உண்மையான தவறு விகிதம் 95% நம்பகத்தோடு ஏறக்குறைய 3-ஐ n-ஆல் வகுத்த அளவுவரை இருக்கலாம். புள்ளியியலில் இதற்கு மூன்றின் விதி என்று பெயர். 50 இன்வாய்ஸில் தவறில்லை என்றால் 6% வரை, 300-இல் தவறில்லை என்றால் 1% வரை. பத்தை வைத்துச் சொன்னால், கால்வாசி தவறாக இருந்தாலும் அந்த டெமோ அதிர்ஷ்டவசமாக நன்றாக ஓடியிருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே குறைந்தது 300, அதுவும் கிளையன்டின் சொந்தக் கோப்புகள்.

அந்த 300-ஐ எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் சோதனையே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அள்ளினால் சுத்தமான பிடிஎஃப்களே அதிகம் வரும். கோணலாக ஸ்கேன் செய்தவை, பல பக்கம் உள்ளவை, கிரெடிட் நோட்டுகள், வெளிநாட்டு நாணயத்தில் உள்ளவை, கையால் திருத்தியவை, ஒவ்வொன்றிலும் குறைந்தது 30 இருக்கட்டும். சரியான விடையை இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து, வேறுபட்டதைப் பேசித் தீர்க்கவேண்டும். மனிதர்கள் இருவருக்குள்ளேயே எத்தனை இடத்தில் ஒத்துப்போகவில்லை என்பதையும் எழுதிவையுங்கள். இயந்திரத்திடம் அதைவிடக் கறாராக எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தவறுகள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் வரும். 03/04 என்ற தேதியில் நாள் எது மாதம் எது. கிரெடிட் நோட்டில் கழித்தல் குறி காணாமல் போவது. முந்தைய பாக்கியையும் சேர்த்த தொகையை இந்த இன்வாய்ஸின் தொகையாக எடுப்பது. முதல் பக்கத்தின் இடைமொத்தத்தைக் கடைசி மொத்தம் என்று நினைப்பது. எல்லாவற்றிலும் மோசமானது, பர்ச்சேஸ் ஆர்டர் எண் கோப்பில் இல்லவே இல்லாதபோது நம்பும்படியான ஓர் எண்ணை மாடலே போட்டுவிடுவது. “இல்லை” என்று சொல்ல அதற்கு வெளிப்படையாக அனுமதி கொடுத்து, ஒவ்வொரு விடைக்கும் அது கோப்பில் எந்த வரியில் இருந்தது என்பதையும் எடுத்துத் தரச் சொல்லவேண்டும். அந்த வரி கோப்பில் இருக்கிறதா என்று சாதாரண நிரலே சரிபார்த்துவிடும். ஒவ்வொரு பொருளுக்கான தொகைகளின் கூட்டலும் விதித்த வரியும் சேர்ந்து மொத்தத்துக்குச் சமமா என்ற கணக்கையும் மாடலிடம் விடாதீர்கள், அது நிரலின் வேலை. சப்ளையர், எண், தொகை மூன்றும் ஏற்கெனவே வந்த ஒன்றோடு பொருந்தினால் நிறுத்திவைக்க வேண்டும்.

முடிவைச் சொல்லும்போது “97% துல்லியம்” என்று எழுதாதீர்கள். ஓர் இன்வாய்ஸில் 6 புலம் (எண், தேதி, தொகை போன்றவை), ஒவ்வொன்றும் 97% சரி, தவறுகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், ஆறும் சரியாக இருக்கும் இன்வாய்ஸ் 83%தான். 100-இல் 17 எங்காவது தப்பு. கிளையன்டுக்குத் தேவையான எண்கள் இரண்டு: 100-இல் எத்தனை மனிதக் கை படாமல் போனது, அப்படிப் போனதில் எத்தனை தவறு. இதே பெருக்கல்தான் ஏஜென்ட்களையும் கவிழ்க்கிறது. ஒரு படிக்கு 95% சரி என்றால் 10 படி தாண்டும்போது மிஞ்சுவது 60%. அதனால் படிகளைக் குறையுங்கள். திரும்பப் பெற முடியாத படிகளுக்கு முன்னால், அதாவது பணம் அனுப்புவது, மின்னஞ்சல் போவது, பதிவை அழிப்பது போன்றவற்றுக்கு முன்னால், ஒரு மனிதரை நிறுத்துங்கள்.

மிச்சம் எவ்வளவு என்பதையும் நேர்மையாகக் கணக்கிடவேண்டும். மாதம் 2,000 இன்வாய்ஸ், ஒன்றைத் தட்டச்சு செய்ய 3 நிமிடம் என்றால் 100 மணி. புதிய முறையில் 70% நேராகப் போகிறது என்று வையுங்கள். மீதி 600-ஐப் பார்த்துத் திருத்த 2.5 நிமிடம் வீதம் 25 மணி. நேராகப் போன 1,400-இல் 5% மாதிரி எடுத்துச் சரிபார்க்க இரண்டேகால் மணி. பராமரிப்புக்கு மாதம் 6 மணி. மொத்தம் 33 மணி, மிச்சம் 67. விற்பனையாளர் ஸ்லைடில் 100 என்றோ 95 என்றோ இருக்கும். இன்னொன்று: தொடர்ந்து சரியாகவே வரும் வேலையைப் பார்ப்பவரின் கண் சீக்கிரம் சோர்ந்துவிடும். 100-க்கு ஒன்று என்ற கணக்கில் வேண்டுமென்றே தவறான இன்வாய்ஸைச் சேர்த்துவிட்டு, எத்தனை பிடிபடுகிறது என்று அளந்தால்தான் அந்த மனிதச் சரிபார்ப்புக்கு மதிப்பு இருக்கிறதா என்று தெரியும். சேர்த்தவை உண்மையான பணப்பட்டுவாடாவுக்குப் போய்விடாமல் தடுக்க வழி செய்த பிறகே இதைச் செய்யுங்கள்.

எந்த எண்ணுக்குக் கீழே போனால் திட்டத்தைக் கைவிடுவோம் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் எல்லா எண்ணும் “பரவாயில்லை” என்றுதான் தோன்றும்.

எதைப் படிப்பது

செய்திமடல்களில் பெரும்பாலானவை மூலத்தை வேறொருவர் படித்துச் சொன்னது. மூலத்துக்கே போனால் படிக்க வேண்டியது குறையும். அமெரிக்காவில் பட்டியலிட்ட நிறுவனங்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 10-கே அறிக்கையில் இரண்டு பகுதி போதும்: ஆபத்துக் காரணிகளைச் சொல்லும் 1ஏ, நிர்வாகமே முடிவுகளை விளக்கும் 7. முழுதாகப் படிக்கவேண்டாம். சென்ற ஆண்டின் 1ஏ பகுதியையும் இந்த ஆண்டின் 1ஏ பகுதியையும் உரை ஒப்பிடும் கருவியில் போட்டு, புதிதாகச் சேர்ந்த பத்திகளை மட்டும் பாருங்கள். வழக்கறிஞர்கள் சொல் சொல்லாகச் செதுக்கும் இடம் அது. புதிதாக ஒரு பத்தி நுழைந்திருந்தால் பெரும்பாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கிளையன்டின் துறையில் இருக்கும் நான்கைந்து பெரிய நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்தால், அந்தத் துறையின் போக்கைப் பற்றி அதன் மேலாளர்களிடமே தெம்பாகப் பேசலாம்.

மென்பொருள் விற்பனையாளர்களிடம் வெளியீட்டுக் குறிப்புகளைப் பாருங்கள், விழா அறிவிப்புகளை விடுங்கள். ஒரு வசதி முன்னோட்டமாக இருக்கிறதா, எல்லோருக்குமாக வெளியாகிவிட்டதா என்பது அங்கேதான் தெரியும். முன்னோட்டத்தில் இருப்பதை நம்பிக் கிளையன்டுக்குக் காலக்கெடு கொடுக்கக்கூடாது. விலைப் பக்கத்தில் தொகையைவிட அலகைக் கவனியுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்றிருந்தது பயன்பாட்டுக்கு இவ்வளவு என்று மாறினால், விற்பனையாளர் தன் பொருள் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் என்று எதிர்பார்க்கிறார் என்று பொருள். அதோடு கிளையன்டின் செலவு இனி மாதா மாதம் ஆடும் என்றும் பொருள்.

சந்தை மதிப்பு இத்தனை மடங்காகும் என்ற கணிப்புகளை எடுத்தாளும் முன் இரண்டு கேள்வி போதும்: அடிப்படை ஆண்டில் எதையெல்லாம் சேர்த்து எண்ணினார்கள், மென்பொருள் விற்பனை மட்டுமா, சேவையும் வன்பொருளுமா? ஆண்டுக்கு 30% வளர்ச்சி என்றால் 5 ஆண்டில் 3.7 மடங்கு, அந்தப் பணம் யாருடைய பட்ஜெட்டிலிருந்து குறையும்? இரண்டாவதற்கு அறிக்கையில் பதில் இல்லை என்றால் ஸ்லைடில் போடாதீர்கள்.

படிக்க வாரத்தில் 45 நிமிடம் வீதம் இரண்டு முறை போதும். காலாண்டுக்குத் தேதியில்லாத ஒரே ஒரு விஷயத்தை எடுத்து, மேலே சொன்ன மாதிரி சோதியுங்கள். அந்தக் காலாண்டில் மற்றதைப் பற்றி யாராவது கேட்டால் “இன்னும் சோதிக்கவில்லை” என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் ஆலோசகரிடம் அடுத்த முறையும் கேட்பார்கள்.

சொந்தக் கருவிகள்

ஆலோசகரின் உண்மையான கருவி இன்னும் எக்செல்தான், அவமானங்களில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கொரோனா தொற்றுப் பதிவுகளைத் தினசரிக் கணக்கில் தவறவிட்டது 2020 அக்டோபரில் தெரியவந்தது. காரணம், தரவை ஏற்றப் பயன்படுத்திய பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 வரிக்கு மேல் ஏறாது. இன்றைய வடிவத்தில் எல்லை 10,48,576 வரி. கைக்கொள்ள வேண்டிய பழக்கம் எளிது: எந்தத் தரவை ஏற்றினாலும், மூலத்தில் எத்தனை வரி, தொகைப் பத்தியின் கூட்டல் என்ன, ஏற்றிய பின் இரண்டும் என்ன என்று தனித் தாளில் பதியுங்கள். எக்செல் எண்களில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாக ஏற்றினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் சுழியமாகும், முன்னால் இருக்கும் சுழியங்கள் மறையும். சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், இறக்குமதி வழியே போய் அந்தப் பத்தியை உரையாகக் குறிப்பிடுங்கள். பட்டியலில் தேடி மதிப்பை எடுத்துத் தரும் விலுக்அப் சூத்திரத்தில் நான்காவது மதிப்பை விட்டுவிட்டால் அது தோராயப் பொருத்தம் தேடும். வரிசைப்படுத்தாத பட்டியலில் தவறான விடையைப் பிழை எதுவும் காட்டாமல் தந்துவிடும். எக்ஸ்லுக்அப் இயல்பாகவே துல்லியப் பொருத்தம் பார்க்கும், அதற்கு மாறிவிடுங்கள். எதையும் தேதியாக மாற்றிவிடும் எக்செல்லின் பித்துக்கு அறிவியலே பணிந்த கதையும் உண்டு: மார்ச்1 என்ற மரபணுவின் பெயரை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுப் பெயர்களை முடிவுசெய்யும் குழு அதை மார்ச்எஃப்1 என்று மாற்றிவிட்டது.

அறிக்கை எழுத ஏஐ-யைப் பயன்படுத்துவது தவறில்லை, ஆனால் மேற்கோள்களில் ஜாக்கிரதை. ஆஸ்திரேலிய அரசுத் துறை ஒன்றுக்கு உலகளாவிய ஆலோசனை நிறுவனமான டெலாய்ட் கொடுத்த அறிக்கையில் இல்லாத ஆய்வுகளும் புனைந்த நீதிமன்ற மேற்கோளும் இருந்தது தெரியவந்து, 2025 அக்டோபரில் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும், தனி ஆலோசகருக்கு அதோடு கடை மூடல். ஒவ்வொரு மேற்கோளுக்கும் மூலக் கோப்பை இறக்கி, பக்க எண்ணோடு ஒரு கோப்புறையில் வையுங்கள். கோப்பு கிடைக்காவிட்டால் அந்த வாக்கியம் அறிக்கையில் இருக்கக்கூடாது. கிளையன்டின் தரவைப் பொறுத்தவரை, எந்தக் கருவியில் எது போகலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தியாக எழுதி வாங்குங்கள்: கருவியின் பெயர், எந்தக் கணக்கு, உள்ளீடு மாடலைப் பயிற்றுவிக்கப் பயன்படுமா, எத்தனை நாள் சேமிக்கப்படும். இலவசக் கணக்கில் கிளையன்ட் கோப்பை ஒட்டுவது வேண்டவே வேண்டாம்.

நேரம்

திறம்பட வேலை செய்வது என்றதும் ஆப் தேடுகிறார்கள். கணக்கு ஒன்று இருக்கிறது, அதை முதலில் பாருங்கள். வேலைகள் எதிர்பாராத நேரத்தில், வெவ்வேறு அளவில், ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தால், ஒரு வேலை தொடங்கக் காத்திருக்கும் சராசரி நேரம் அவருடைய நிரம்பலைப் பொறுத்தது. நாளில் 80% நிரம்பியிருந்தால் காத்திருப்பு சராசரி வேலையின் 4 மடங்கு. 90% என்றால் 9 மடங்கு. 95% என்றால் 19 மடங்கு. சராசரி வேலை 2 மணி நேரம் என்றால், கிளையன்ட் அனுப்பும் ஒரு கேள்வி 80 சதவீதத்தில் 8 மணி காத்திருக்கும், 95 சதவீதத்தில் 38 மணி, அதாவது ஏறக்குறைய ஒரு வேலைவாரம். காலண்டரை நிரப்பிவைப்பதைச் சுறுசுறுப்பு என்று நினைப்பவர்கள் எப்போதும் தாமதமாகவே பதில் சொல்வதற்கு இதுதான் காரணம். வாரத்தில் இரண்டு அரைநாளை வேண்டுமென்றே காலியாக விடுங்கள், பெரிய வேலையை அரைநாள் துண்டுகளாக வெட்டுங்கள். இரண்டுமே இந்தப் பெருக்கத்தை உடைக்கும்.

கூடவே லிட்டில் விதி, 1961-இல் ஜான் லிட்டில் நிறுவியது: கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, வாரத்துக்கு முடிப்பதால் வகுத்தால் ஒரு வேலைக்குச் சராசரி எத்தனை வாரம் என்று வரும். 12 கையில், வாரம் 3 முடிகிறது, ஆக 4 வாரம். இரண்டு வாரத்தில் தருகிறேன் என்று சொல்ல வேண்டுமானால் கையில் 6-க்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஏழாவதாக வருவதை மறுக்கவேண்டாம், தொடங்கும் தேதியைச் சொல்லி வரிசையில் வையுங்கள்.

கட்டணத்திலும் இதே மாதிரி ஒரு கணக்குத் தவறு பரவலாக இருக்கிறது. ஆண்டுக்கு 260 வேலைநாள், விடுப்பும் நோயும் 30 போக 230. அதை வைத்தே நாள் கட்டணம் போட்டுவிடுகிறார்கள். விற்பனை, கணக்கு, படிப்பு, சோதனை, கைவிட்டுப்போன முன்மொழிவுகள் எல்லாம் போகப் பில் போட முடிவது 145 நாள் அளவில் நின்றால், எதிர்பார்த்த வருமானத்தில் 37% விழும். மேலே சொன்ன சோதனைக்கு நேரமில்லை என்று தோன்றுவதற்குப் பாதிக் காரணம் அந்த நேரத்தை யாரும் கட்டணத்தில் சேர்க்காததுதான். 145-ஆல் வகுத்துக் கட்டணம் போடுங்கள்.

மதிப்பீட்டுக்குப் பழைய பெர்ட் சூத்திரமே போதும்: எல்லாம் சரியாக நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, மோசமாகப் போனால் எத்தனை. நடுவிலுள்ளதை நான்கால் பெருக்கி மூன்றையும் கூட்டி ஆறால் வகுங்கள். 3, 5, 13 என்றால் 6 நாள். ஆனால் அந்த 6-ஐவிட 13-தான் பேச வேண்டிய எண். ஏன் 13 என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வரும்: தரவு கைக்கு வரத் தாமதமாகும். அப்படியானால் வேலை தொடங்கும் நாளுக்கு முன்பே வேண்டிய தரவுகள், அணுகல் உரிமைகள், கேள்விக்குப் பதில் சொல்லும் நபர் மூன்றையும் ஒரு பக்கப் பட்டியலாக ஒப்பந்தத்தோடு இணையுங்கள். அவை வந்துசேர்ந்த நாளிலிருந்துதான் உங்கள் கெடு ஓடத் தொடங்கும் என்ற வரியும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். 300 இன்வாய்ஸ் சோதனையை முதல் வேலையாக விற்பதானால், அந்தப் பட்டியலின் முதல் வரி “கடந்த 12 மாத இன்வாய்ஸ்கள், கிரெடிட் நோட்டுகள் உட்பட, மூலக் கோப்பாக” என்பதுதான். அச்சிட்டு மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பினால் சோதனை வேறொன்றை அளக்கும்.